பதினோரு நிமிடம், புளியரை

ஆனியில் மலையிடுக்கு வழியே
ஆரியங்காவுக் காற்று இறங்கும்போது
எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று
என் போனுக்குக் குழம்பிவிடும்.
ஏழாவது படிவரை தமிழ்நாடு.
மொட்டைமாடியில் கேரளம் தங்களை வரவேற்கிறது.
துணி காயப்போடப் போகிறவளை
ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் வரவேற்பார்கள்.

காலை ஒன்பதிலிருந்து நான்
கொட்டாரக்கரை முந்திரிக் கம்பெனிக்கு
வெப்சைட் கட்டுகிறவள்.
முழுப்பருப்பு, உடைசல், உப்பு போட்டது, மிளகு தூவியது.
விலைக்குப் பக்கத்தில் ‘வாங்கு’ பட்டன்.
அது எந்தப் பச்சையில் இருக்கவேண்டும் என்பதற்கு
தங்கச்சன் முதலாளி மூன்று நாள் எடுத்துக்கொண்டார்.
தளிர் வேண்டாம், பாசியும் வேண்டாம்,
ரெண்டுக்கும் நடுவிலே ஒண்ணு உண்டல்லோ, மோளே.
திரையின் மூலையில் கடிகாரம் ஓடும்.
மணிக்கு அறுநூறு.
பால் பொங்கினால் நிறுத்துவேன்.
நிறுத்தியதாக நினைத்துக்கொள்வதும் உண்டு.

ராத்திரிக்கு
நாலு ஐஸ்கிரீம் கப், சைக்கிள் கம்பி, ஒரு காந்தம்.
மாடியில் சுழல்கிறது நான் செய்த காற்றுமானி.
அது ஒரு சுற்று சுற்றினால்
எதிரே பீர்முகம்மது மாவுமில்லின் சுவரில்
வெளிச்சத்தாலான ஒரு சொல்
விரற்கடை அளவு நகரும்.
(ஆணி அடிக்கக்கூடாது. அது ஒன்றுதான் அவர் நிபந்தனை.)
சொற்கள் என்னுடையவை அல்ல.
செக்போஸ்டில் நிற்கிற லாரிகளிடம் கேட்டவை:
வைக்கோல், எம்சாண்ட், கோழி, முருங்கை.
திரும்பி வருகையில் காலி.
காலி என்று சொல்லியும் நாறுகிற ஏதோ ஒன்று.
காற்று வலுத்தால் கோழி வைக்கோலை முந்தும்.
ஓய்ந்தால் எல்லாமே
வரிசையில் நிற்கும், ஹாரன் அடிக்காமல்.

இதுக்கு யாரு காசு தருவா, என்றார் பீர்முகம்மது.
யாரும் தரமாட்டாங்க.
அப்போ கரண்ட் பில்லுக்கு?
முந்திரி.
அவர் சிரிக்கவில்லை.
கணக்கு சரிதான் என்பதுபோல் தலையாட்டிவிட்டு
ஷட்டரை இறக்கினார்.

ரெண்டையும் சமமா வச்சுக்கோ என்று
பெங்களூரிலிருந்து மெர்சி எழுதுகிறாள்.
சமம் என்றால் தராசு முள் ஆடாமல் நிற்பது.
மெர்சி, இங்கே காற்றடிக்கிறது.

செவ்வாய் இரவு, ஒன்றே முக்கால்.
இரண்டு ஜன்னல், இரண்டும் கறுப்பு.
இரண்டு கோப்புக்கும் ஒரே பெயர் வைத்தது
என் சோம்பல்.
ஏற்றவேண்டியதை விட்டு மற்றதை ஏற்றினேன்.

அதன்பிறகு
உலகத்தில் எவன் திறந்தாலும்
முந்திரி விலை புளியரைக் காற்றில் ஆடியது.
மிளகு தூவியது உப்பு போட்டதன்மேல் சாய்ந்தது.
உடைசல் திரைக்கு வெளியே போய்
கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தது.
வாங்கு பட்டன்
காற்று மூச்சு வாங்குகிற நொடியில் மட்டும்
கைக்கு அகப்பட்டது.

எனக்கு ஒன்றும் தெரியாது.
சுவரில் ஏன் எதுவும் அசையவில்லை என்று
மாடியில் நின்று
காந்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு நிமிடம்.

வைரஸாணோ, என்றார் காலையில் தங்கச்சன்.
காற்று, என்றேன்.
அவர் பக்கம் பேச்சில்லை.
பின்னால் பருப்பு சலிக்கிற சத்தம் மட்டும்.
பிறகு கேட்டார்:
அந்த நேரத்தில் ஷார்ஜாவிலே ஒருத்தன்
ரெண்டு கிலோ உடைசல் வாங்கியிருக்கான்.
அவன் எப்படி அமுக்கினான்?
காத்திருந்திருப்பான், என்றேன்.

மாதக் கடைசியில் பில் போடும்போதுதான் பார்த்தேன்.
அன்றைக்கும் கடிகாரத்தை நிறுத்தவில்லை.
காந்தம் துடைத்தது, கப்புக்குப் பசை தடவியது,
சும்மா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது,
எல்லாம் முந்திரிக் கணக்கில்.
இரண்டு மணி பத்து நிமிடம்.
ஆயிரத்து முந்நூறு.
நல்ல பேரிங் ஒன்று வரும் அதில்.
கழித்தேன்.
திரும்ப ஏற்றினேன்.
கழித்தேன்.

பதினோரு நிமிடத்தை மட்டும் விட்டுவைத்தேன்.
வேலையின் பெயர் என்ற கட்டத்தில் ‘அசைவு’.
தொகை நூற்றுப் பத்து.

பணம் பைசா குறையாமல் வந்துவிட்டது.
அந்த வரியை அவர் படித்தாரா, தெரியாது.
அதைப்பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை.
பட்டனின் பச்சையைத்தான்
மறுபடி கேட்கிறார்.